வெள்ளைக் காரும் காலை மணியும்

கொல்லிமலையின் மேலே, தார்ச்சாலை முடிகிற இடத்தில் மௌனக் குடில் இருந்தது. அங்கே காலை மணி அடித்துவிட்டால் நண்பகல் மணி வரை ஒருவரும் பேசக் கூடாது. சத்தம் எதுவும் எழக் கூடாது. சட்னி அரைப்பதாக இருந்தால்கூட மணிக்கு முன்னால் அரைத்து வைத்துவிட வேண்டும்.

குடிலின் குரு மெய்யம்மை. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. எல்லோரும் அவரை அம்மா என்பார்கள். அவரைவிட இருபது வயது மூத்த சீடரான தவசிமுத்துவும் அம்மா என்றுதான் அழைப்பார். பதிலுக்கு அவர் தவசிமுத்துவை அண்ணே என்பார்.

தவசிமுத்து நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு மலையேறி வந்துவிட்டார். மனம் அடங்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பிவிடும். மௌன நேரத்தில் அவரை எழுப்பி அதை நிறுத்தவும் முடியாது.

அம்மா சில நாள் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணே, நீங்க காரைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கார்தான் அவருக்குத் தியானம்.

யாரோ ஒரு அன்பர் குடிலுக்கு விட்டுப்போன பழைய வெள்ளைக் கார் அது. பெட்ரோலில் ஓடுவது. சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கெல்லாம் நாலு சக்கரம் என்றால் அது ஒன்றுதான். பஸ் நிற்கிற இடத்துக்கே ஒரு மணி நேரம் நடக்க வேண்டும்.

தவசிமுத்து விடியும் முன்னால் எழுவார். காரின் முகத்தைத் துடைத்துத் திருநீறு பூசுவார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, சுனைத்தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றுவார். வழியும்வரை ஊற்றுவார். சாமிக்கு அபிஷேகம் செய்கிற முகம் அப்போது அவருக்கு. பிறகு காரைக் கிளப்பி, கொட்டகையிலிருந்து சமையலறை வாசலுக்கு ஓட்டி வந்து விறகை இறக்குவார்.

அதற்குள் ஆலாலசுந்தரம் மணியடியில் வந்து நின்றிருப்பார். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் மரச்சுத்தி, மறு கையில் வாட்ச். சூரியன் ஒருநாள் பிந்தினாலும் பிந்தும், ஆலாலசுந்தரம் பிந்த மாட்டார். அவர் மணியை அடித்ததும் தவசிமுத்து சாவியைத் திருப்பிவிடுவார். காரைச் சத்தமில்லாமல் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தார்ப்பாய் போட்டு மூடுவார்.

காரின் ஒரு நாள் ஓட்டம் அவ்வளவுதான்.

மார்கழி பிறந்ததும் சைலன்சர் குழாயின் நுனியில் தண்ணீர் சொட்டியது.

முதல் நாள் ஒரு துணியால் துடைத்துவிட்டார். மறுநாள் கார் கிளம்பியதும் குழாய் ஒரு கை தண்ணீரைத் துப்பியது. கூடவே வெள்ளைப் புகை. முன்பக்கம் குனிந்து பார்த்தார். அங்கேயும் தரை நனைந்திருந்தது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தார். மூடியின் அடியில் மோர் ஏடு போல வெள்ளையாக ஒட்டியிருந்தது.

தவசிமுத்து மூடியைத் துடைக்காமலே திருகி மூடினார்.

எஞ்சினுக்குள் தண்ணீருக்கு ஒரு பாதை, எண்ணெய்க்கு ஒரு பாதை, நெருப்புக்கு ஓர் அறை. மூன்றையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய தகடு. அது கிழிந்தால் எல்லாம் கலந்துவிடும். அதைத்தான் பட்டறையில் கேஸ்கெட் போய்விட்டது என்பார்கள். அவர் பட்டறைக்கு வந்த லாரிகள் காஷ்மீருக்கும் கல்கத்தாவுக்கும் ஓடியவை. அவற்றின் எஞ்சின் ஆறுவதே கிடையாது. அப்படிப்பட்ட எஞ்சினில் புகைக்குழாய் வழியே தண்ணீர் வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வாழ்நாள் முழுக்க அவர் கண்டது அதைத்தான்.

அதனால் காரை இன்னும் பொத்திப் பொத்தி வைத்தார். ஓட்டுகிற கொஞ்சத்தையும் குறைத்தார். தண்ணீர் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனது.

ஒருநாள் மத்தியானம் பூமயில் வந்தாள். பக்கத்துக் குடியிருப்புக்காரி. வயிறு நிறைந்திருந்தது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேஸ்திரி, தை கடைசியில எனக்கு நாள் குடுத்திருக்காங்க. காரு வருமுங்களா?"

தவசிமுத்து காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூமயிலின் முதல் பிரசவத்தின்போது குடிலுக்குக் கார் வந்திருக்கவில்லை. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. மலையில் அது தெரியாதவர்கள் யாருமில்லை.

"எஞ்சின்ல கோளாறு அம்மிணி. நடு வளைவுல நின்னாலும் நின்னுரும்."

"வரும்னா வரும்னு சொல்லுங்க. வராதுன்னா நான் இப்பவே தூளிக்கு ஆள் சொல்லி வெக்கணும்."

"அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேனே."

"அம்மாவுக்குக் காரு தெரியுமுங்களா?"

"தெரியாது."

பூமயில் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனாள். தூளி என்று அவள் சொன்ன சொல் அவருக்குள்ளேயே கிடந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் போனார்.

"எஞ்சினைப் பிரிக்கணுமுங்க அம்மா. கீழேருந்து சாமான் வந்து, மாட்டி முடிக்க ரெண்டு மாசம் ஆயிரும்."

"பூமயிலுக்கு எப்ப நாள்?"

"அதுக்குள்ளதானுங்க."

"பிரிக்காம ஓட்டினா?"

"உள்ள உடைஞ்சிருந்துச்சுன்னா எஞ்சின் இறுகி நின்னுருமுங்க. அந்தப் புள்ளைய வெச்சுக்கிட்டு வளைவுல நான் என்ன பண்ணுவேன்?"

"உடைஞ்சிருக்கா?"

"தண்ணி வருதுங்களே."

"உடைஞ்சிருக்கான்னு கேட்டேன்."

தவசிமுத்து தலையைச் சொறிந்தார்.

"அது எப்படிங்கம்மா தெரிஞ்சுக்கறது?"

அம்மா எழுந்து சமையலறைக்கு நடந்தார். தவசிமுத்து பின்னால் போனார். தண்ணீர்த் தொட்டியில் கிடந்த பித்தளைச் சொம்பை அம்மா எடுத்தார். மார்கழிக் குளிரில் அது சில்லிட்டிருந்தது. கவிழ்த்து உதறி, உள்ளேயும் வெளியேயும் துணியால் ஈரம் போகத் துடைத்தார். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, வெறும் சொம்பை இடுக்கியால் பிடித்துச் சுடருக்கு மேலே காட்டினார்.

பளபளப்பாக இருந்த சொம்பின் அடிப்பக்கம் மங்கியது. பொடிப்பொடியாக நீர் பூத்தது. ஒரு சொட்டுத் திரண்டு அடுப்பில் விழுந்து சுரீரென்றது.

"என்ன அது?" என்றார் அம்மா.

"தண்ணிங்க."

"எங்கேருந்து வந்துச்சு?"

"சொம்பு ஓட்டைங்களா?"

"உள்ள என்ன இருக்கு, ஒழுகறதுக்கு?"

தவசிமுத்து எட்டிப் பார்த்தார். உள்ளே உலர்ந்திருந்தது.

"நெருப்புலேருந்தா தண்ணி வருது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அம்மா சொம்பைச் சுடரிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் போயிற்று. சொம்பின் மங்கல் ஓரத்திலிருந்து விலகிக்கொண்டே வந்து, முழுவதும் போய்விட்டது. பித்தளை மறுபடி பளபளத்தது.

"இப்ப தண்ணி எங்கே?"

"காணலீங்க."

"சொம்பை மாத்தினேனா?"

"இல்லீங்க."

"எதையாவது அடைச்சேனா?"

"இல்லீங்க. சூடாச்சு, அவ்வளவுதானுங்க."

அம்மா அடுப்பை அணைத்தார்.

"அண்ணே, காருக்குத் தினமும் ஒரு சொம்பு ஊத்துறீங்களே. அதுல தண்ணி குறையுதா?"

தவசிமுத்து யோசித்தார்.

"தெரியலீங்கம்மா. நான் பாட்டுக்கு ஊத்திருவேன்."

"அது கேக்குதா?"

"கேக்க விட்டதில்லீங்க."

"கொஞ்ச நாள் கேக்க விடுங்க. அப்புறம் பாக்கலாம்."

மறுநாளிலிருந்து சொம்பு தொட்டியிலேயே கிடந்தது. அவருக்கு அது பெரிய தண்டனை. விடிகாலையில் கை தானாகச் சொம்பைத் தேடிப் போகும். இழுத்துக்கொள்வார். திருநீறை மட்டும் பூசுவார். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டது போல இருந்தது.

ஊற்றாமல் விட்ட முதல் நாளே காரின் முன்பக்கத் தரை காய்ந்து கிடந்தது. அங்கே ஒழுகிக்கொண்டிருந்தது அவர் ஊற்றி வழிந்த தண்ணீர்தான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தடுத்த நாள்களில் ரேடியேட்டரைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு வாரம் போன பிறகும் அங்கேயேதான். பின்னால் குழாய் மட்டும் காலைதோறும் துப்பிக்கொண்டிருந்தது. உள்ளிருக்கிற தண்ணீர் குறையவில்லை என்றால், வெளியே வருவது எந்தத் தண்ணீர்?

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது: அடுப்பு நெருப்பின் ஈரம் குளிர்ந்த சொம்பில் பூத்தது போல, பெட்ரோல் எரிகிற ஈரம் சூடேறாத குழாயில் பூக்கிறது. ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினார். மூடியைப் பார்த்த அன்றே முடிவு கட்டிவிட்டதால் குச்சியை உருவிப் பார்க்கவே தோன்றியிருக்கவில்லை. இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. வெள்ளையின் சாயலே இல்லை. தண்ணீர் கலந்திருந்தால் குச்சியிலும் மோர்தான் வழிந்திருக்கும்.

குச்சியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினார். ஓடிவந்து நின்ற நேரத்தில் மணி அடித்துவிட்டது.

வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். சொல்ல முடியாத சந்தோஷத்தில் முகமெல்லாம் சிவந்து, எண்ணெய்க் குச்சியை அம்மாவின் முகத்துக்கு நேரே ஆட்டினார். அம்மா அதைப் பார்த்தார். கையால் தூரத்து மேட்டைக் காட்டினார். மத்தியானம் ஓட்டிப் பாருங்கள் என்று அர்த்தம். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

குச்சியை மறுபடி செருகிவிட்டு, மத்தியானம்வரை பொழுது போக வேண்டுமே என்று தவசிமுத்து உட்கார்ந்திருந்தார். அன்று குறட்டை வரவில்லை.

வெயில் கொஞ்சம் ஏறியதும் வாசலில் யாரோ வந்து நின்றார்கள். பூமயிலின் புருஷன் சடையன். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. குடிலின் வழக்கம் அவனுக்குத் தெரியும். சத்தம் போடாமல் இரண்டு கையாலும் வயிற்றைக் காட்டி, மலைக்குக் கீழே காட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

நாள் இன்னும் இருந்தது. ஆனால் வலி வந்துவிட்டது. கீழேயிருந்து ஒரு வண்டி ஏறி வருவதற்குள் நேரம் கடந்துவிடும்.

தவசிமுத்து எழுந்தார். குச்சி நல்ல சேதிதான் சொன்னது. ரேடியேட்டரும் நல்ல சேதிதான் சொன்னது. ஆனால் கார் ஓடிக் காட்டவில்லையே? மூடியில் அந்த வெள்ளை இன்னும் இருக்கிறதே? ஒரு தரம் மேடேறிப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தார். அதற்குக்கூட நேரமில்லை.

ஆலாலசுந்தரம் மணியடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சடையனின் முகம் அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் பழக்கதோஷத்தில் விரல் உதட்டுக்குப் போயிற்று. தவசிமுத்து தலையாட்டிவிட்டுத் தார்ப்பாயை இழுத்தார். சாவியைப் போடாமல், தோளைக் கொடுத்துக் காரைத் தள்ளத் தொடங்கினார். வாசலைத் தாண்டிய பிறகு கிளப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பு. சடையனும் ஓடிவந்து தோள் கொடுத்தான்.

"அண்ணே!"

குடிலில் அந்த நேரத்தில் ஒரு குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"தள்ளாதீங்க. அங்கேயே கிளப்புங்க."

கார் கிளம்பியது. மௌனக் குடில் முழுக்க அதன் சத்தம் நிறைந்தது. குழாய் தண்ணீரைத் துப்பியது. வெள்ளைப் புகை கொட்டகையை மறைத்தது.

பக்கத்துக் குடியிருப்புக்குப் போய்ப் பூமயிலைக் காரின் பின்னிருக்கையில் படுக்க வைத்தார்கள். அவள் மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சடையன் முன்னால் ஏறினான்.

அங்கிருந்து சாலை முதலில் மேட்டில் ஏறும். மேட்டின் உச்சியில் ஒரு காளி கோயில். அதைத் தாண்டினால் வளைவுகள்தான், திரும்ப இடமில்லை. கோயில்வரைக்கும்தான் மனத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

"மேஸ்திரி, புகையா வருது" என்றான் சடையன், திரும்பிப் பார்த்து.

"வரட்டும்."

இரண்டாம் கியரில் கார் மேடேறியது. எஞ்சின் உறுமியது. தவசிமுத்துவின் கண் சூடு காட்டுகிற முள்ளின் மேல் இருந்தது. அந்த முள் நகர்ந்து அவர் பார்த்ததே இல்லை. இப்போது அது அசைந்தது. கொஞ்சம் ஏறியது. இன்னும் ஏறியது. உள்ளே உடைந்திருந்தால் அது நிற்காது, சிவப்புக் கோட்டுக்கே போய்விடும். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

பின்னால் பூமயில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"மேஸ்திரி... வருமா?"

முள் நடுவில் வந்தது. நின்றது.

கோயில் தெரிந்தது. முள் அங்கேயே நின்றது. அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். புகை இல்லை. சாலை தெரிந்தது, இரண்டு பக்க மரங்கள் தெரிந்தன, வானம் சுத்தமாகத் தெரிந்தது.

"வந்துருச்சு அம்மிணி!" என்று கத்தினார் தவசிமுத்து. "கெட்டியாப் புடிச்சுக்க!"

காளியைத் தாண்டிக் கார் இறங்கியது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். குடிலில் இருந்த நாள்களிலெல்லாம் அடிக்காத ஹாரனுக்கும் சேர்த்து அடித்தார். குரங்குகள் சாலையோரச் சுவரை விட்டுத் தாவி ஓடின.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை உள்ளே விடவில்லை. காரில் சாய்ந்துகொண்டு நின்றார். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. திருநீறு பூசின இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். தூளியும் பாதி வழியும் நினைவுக்கு வந்து வந்து போயின.

பிறகு ஒரு குழந்தை அழுதது. வீல் வீலென்று, கட்டிடமே கேட்கும்படி அழுதது.

தவசிமுத்துவும் அழுதுவிட்டார். போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்ற எண்ணம்கூட இல்லை. இத்தனை வயதில் இவ்வளவு நல்ல சத்தத்தை அவர் கேட்டதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் பின்னால் போய்க் குனிந்தார். ஆறியிருந்த குழாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரலில் கரி மட்டும் ஒட்டியிருந்தது.

தாயும் பிள்ளையும் சௌகரியம் என்று பார்த்துவிட்டு மறுநாள் காலையில் மலையேறினார். வளைவுகளில் கார் ஒரு இடத்திலும் திணறவில்லை. குடிலை நெருங்கும்போதுதான் நேரம் உறைத்தது. காலை மணி அடித்து வெகு நேரமாகியிருக்கும். ஹாரன்மேல் இருந்த கையை எடுத்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு உள்ளங்கையால் அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டே வாசலுக்குள் நுழைந்தார்.

எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் ஆலாலசுந்தரம். கையில் வாட்ச் இருந்தது. உதட்டுக்கு விரலைக் கொண்டு போனவர், விரலை அப்படியே வைத்துக்கொண்டு வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"என்ன குழந்தைய்யா?"

"பொண்ணுங்க! என்னா தொண்டைங்கறீங்க!"

குடிலே சிரித்தது. ஆலாலசுந்தரம் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அவரும் சிரித்தார்.

அம்மா வந்தார். தவசிமுத்து கரி பிடித்த விரலை நீட்டினார்.

"ஒரு சொட்டு இல்லீங்கம்மா. காஞ்சு கெடக்குது." பானட்டைத் தூக்கி ஆயில் மூடியைத் திருகிக் காட்டினார். வெள்ளைப் பசை போய், எண்ணெய் மினுங்கியது. "இதுவும் சூட்டுல காஞ்சு போச்சுங்க."

"எஞ்சினைப் பிரிக்கணுமா?"

"எதுக்குங்க? கல்லு மாதிரி இருக்குது."

சொல்லிவிட்டு அவர் முகம் லேசாக வாடியது.

"என்ன அண்ணே?"

"நாளைக்குக் காலைலயும் நான் கிளப்புவேன். சூடேறதுக்குள்ள மணி அடிச்சிரும். நிறுத்திருவேன். மறுபடியும் உள்ள தண்ணி கட்டிக்குமுங்களே."

ஆலாலசுந்தரம் வாட்சைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அவர் முன்னால் கையை நீட்டினார். ஆலாலசுந்தரம் இடுப்பில் செருகியிருந்த மரச்சுத்தியை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைத் தவசிமுத்துவின் கரிக்கையில் வைத்தார்.

"நாளையிலேருந்து மணி நீங்க அடிங்க."

தவசிமுத்து பதறிப்போனார்.

"எனக்கு நேரங்காலம் தெரியாதுங்கம்மா. எப்ப அடிக்கறதுங்க?"

"கார் காஞ்சதும்" என்றார் அம்மா.